கழிவுக் காகிதத்திலிருந்து எத்தனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறுதியாண்டு மாணவர்கள் செயல்திட்டத் தலைப்பைத் தேடும் பருவத்தில், குறைந்தது ஒரு குழுவாவது "பழைய பேப்பரிலிருந்து எரிபொருள்" என்ற எண்ணத்தோடு எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிடும். அவர்களும், பழைய பேப்பர் வியாபாரம் செய்பவர்கள் சிலரும், குப்பை மேலாண்மையில் அக்கறையுள்ளவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்து விடையளித்திருக்கிறேன். கணக்குகளைப் படிப்படியாகக் கொடுத்திருப்பதால் ஒரு கால்குலேட்டர் இருந்தால் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

காகிதத்திலிருந்து எத்தனால் வரும் என்பது உண்மைதானா?

உண்மைதான். காகிதத்தின் பெரும்பகுதி செல்லுலோஸ். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட சங்கிலி. அரிசியில் உள்ள மாவுச்சத்தும் அதே குளுக்கோஸால் ஆனதுதான் என்றாலும், இரண்டிலும் மணிகளைக் கோத்திருக்கும் முடிச்சு வேறு. மாவுச்சத்தின் ஆல்ஃபா முடிச்சை நம் உமிழ்நீரே அவிழ்த்துவிடும். செல்லுலோஸின் பீட்டா முடிச்சை அவிழ்க்க மனித உடலிடம் எதுவும் இல்லை. சுவரில் ஒட்டிய சினிமாச் சுவரொட்டியை மாடு உரித்துத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். பசையின் மைதா ருசிக்காகத்தான் அது வாயை வைக்கிறது என்றாலும், உள்ளே போன காகிதத்தையும் அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் விட்டுவைப்பதில்லை. அந்த நுண்ணுயிரிகள் செய்யும் முதல் வேலையை, அதாவது செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைப்பதை, நாம் ஒரு தொட்டியில் செய்துகொண்டு, கிடைத்த சர்க்கரையை ஈஸ்ட்டிடம் ஒப்படைத்தால் எத்தனால் கிடைக்கும்.

இங்கே ஒரு சொற்சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். என்சைமுக்கும் தமிழில் நொதி என்று பெயர். ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குவதற்கும் நொதித்தல் என்று பெயர். மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு விடைத்தாளில் எழுதுவது வழக்கம். காகிதத்தைச் சர்க்கரையாக்குவது நொதி. சர்க்கரையை எத்தனாலாக்குவது நொதித்தல். முதலாவது ஒரு புரதத்தின் வேலை, இரண்டாவது உயிருள்ள செல்லின் வேலை.

வைக்கோலையும் மரத்தையும் விட்டுவிட்டு ஏன் காகிதம்?

கடினமான பாதி வேலையைக் காகித ஆலை ஏற்கெனவே செய்துவைத்திருக்கிறது என்பதே காரணம். தாவரத்தில் செல்லுலோஸ் தனியாக இருப்பதில்லை. அதைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலியும், இரண்டையும் பிணைக்கும் பிசின் போன்ற லிக்னினும் இருக்கின்றன. லிக்னின் விலகாதவரை நொதியால் செல்லுலோஸை நெருங்க முடியாது. ஆகவே வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகளில் நீராவி அழுத்தமும் அமிலமும் கொண்டு முன்பதப்படுத்தும் பெரும் பிரிவு ஒன்று இருக்கும். முதலீட்டிலும் எரிசக்திச் செலவிலும் அது கணிசமான பங்கை விழுங்கும். வெள்ளைக் காகிதம் செய்யும் ஆலையோ மரத்தையோ கரும்புச் சக்கையையோ காரத்தில் வேகவைத்து, லிக்னினைக் கரைத்து வெளியேற்றி, வெளுக்கவும் செய்த பிறகே அதைத் தாளாக்குகிறது. ஆகவே அச்சகத்தில் வெட்டி விழும் வெள்ளைத் துண்டை நீரில் ஊறவைத்துக் குழைத்தாலே நொதிக்கு வழி திறந்துவிடும்.

ஆனால் இந்தச் சிறப்பே இதன் சங்கடமும் ஆகும். ஒருவர் காசு செலவழித்துச் சுத்தமாக்கிய நாரை நாம் உடைத்துக் குடுவையில் போடுகிறோம். இதைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி வருகிறது. பொறுமையில்லாதவர்கள் நேராக அங்கே போகலாம்.

எல்லாக் காகிதமும் ஒன்றா?

இல்லை. அலுவலகத் தாள், விடைத்தாள், நோட்டுப் புத்தகத் தாள் ஆகியவற்றில் லிக்னின் மிகக் குறைவு. எடையில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதம் செல்லுலோஸ். மீதியில் ஹெமிசெல்லுலோஸும், தாளுக்கு வெண்மையும் வழவழப்பும் தருவதற்காகச் சேர்க்கப்பட்ட சுண்ணாம்புத் தூளான கால்சியம் கார்பனேட்டும் அடங்கும். செய்தித்தாள் வேறு சாதி. மரத்தை வேகவைக்காமல் இயந்திரத்தில் அரைத்த கூழ் அதில் பெருமளவு கலந்திருப்பதால் லிக்னின் அப்படியே தங்கிவிடும். வெயிலில் கிடந்த நாளிதழ் ஓரிரு நாளில் பழுப்பேறுவது இந்த லிக்னினால்தான். ஆய்வுக்கூடத்தில் அதே அளவு நொதியைச் சேர்த்தாலும் செய்தித்தாளிலிருந்து வரும் சர்க்கரை அலுவலகத் தாளைவிடக் குறைவாகவே இருக்கும். ஏனெனில் நொதியின் ஒரு பகுதி லிக்னினில் ஒட்டிக்கொண்டு வீணாகிறது. அட்டைப்பெட்டி இரண்டுக்கும் இடைப்பட்டது.

பிளாஸ்டிக் பூச்சுள்ள தேநீர்க் கோப்பை, மெழுகு பூசிய தாள், ஏ.டி.எம். சீட்டு போன்ற வெப்ப அச்சுத் தாள் ஆகியவற்றைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். முதல் இரண்டில் நீர் ஊறாது. மூன்றாவதன் மேற்பூச்சில் உள்ள வேதிப்பொருள்களை நம் கழிவுநீரில் சேர்த்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை.

ஒரு டன் காகிதத்திலிருந்து எத்தனை லிட்டர் கிடைக்கும்?

முதலில் வேதியியல் அனுமதிக்கும் உச்சவரம்பைப் பார்ப்போம். செல்லுலோஸ் உடையும்போது ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு நீர் மூலக்கூறு சேர்வதால் 162 கிராம் செல்லுலோஸ் 180 கிராம் குளுக்கோஸாகும். அந்த 180 கிராம் குளுக்கோஸ் 92 கிராம் எத்தனாலாகவும் 88 கிராம் கரியமில வாயுவாகவும் பிரியும். ஆக, சர்க்கரையின் எடையில் 51 சதவீதம்தான் எத்தனால். மீதியை ஈஸ்ட் காற்றில் ஊதிவிடுகிறது.

உலர்ந்த அலுவலகத் தாள் ஒரு டன்னில் 650 கிலோ செல்லுலோஸ் இருப்பதாகக் கொள்வோம். அது முழுவதும் உடைந்தால் 722 கிலோ குளுக்கோஸ், அதிலிருந்து 369 கிலோ எத்தனால், அடர்த்தி 0.789 என்பதால் 468 லிட்டர். நடைமுறையில் நொதி 80 சதவீதத்தைச் சர்க்கரையாக்கி, ஈஸ்ட் அதில் 90 சதவீதத் திறனோடு வேலை செய்தால் அது நல்ல ஓட்டம் என்றே சொல்வேன். அப்போது கையில் நிற்பது 337 லிட்டர்; கணக்குக்கு எளிதாக 330 என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். எத்தனால் லிட்டருக்கு 21 மெகாஜூலும் பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ 32 மெகாஜூலும் தருவதால், இந்த 330 லிட்டர் ஏறத்தாழ 215 லிட்டர் பெட்ரோலுக்கு ஈடு. "ஒரு டன் பேப்பரில் 700 லிட்டர்" என்று எங்காவது படித்தால், காகிதம் முழுவதையும் தூய செல்லுலோஸ் என்று வைத்து உச்சவரம்பைப் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அமிலம் ஊற்றியதும் கூழ் பொங்கி வழிந்துவிட்டது. என்ன தவறு செய்தோம்?

எங்கள் முதல் முயற்சியிலும் இதுவே நடந்தது. பழைய விடைத்தாள் 100 கிராமைக் கிழித்து, நீரில் ஊறவைத்து, மிக்ஸியில் அடித்து, இரண்டு லிட்டர் குடுவையில் வைத்திருந்தோம். செல்லுலோஸை உடைக்கும் நொதிக்கு உகந்த பி.எச். (அமில-கார அளவு) 4.8 முதல் 5 வரை. கூழோ 8க்கு அருகில் நின்றது. மாணவி ஒருவர் நீர்த்த கந்தக அமிலத்தை ஒரே மூச்சில் ஊற்ற, பால் பொங்குவதைப் போல நுரை எழுந்து குடுவையின் கழுத்தைத் தாண்டி மேசையெல்லாம் பரவியது. பி.எச். மீட்டரில் 5 காட்டியது. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் 7.

காரணம் அந்தச் சுண்ணாம்புத் தூள். தாளில் 15 சதவீதம் கால்சியம் கார்பனேட் இருந்தால் 100 கிராமில் 15 கிராம். அதைச் சமன்செய்ய 14.7 கிராம் கந்தக அமிலம் வேண்டும். அப்போது வெளிவரும் கரியமில வாயு 6.6 கிராம், அறை வெப்பநிலையில் மூன்றரை லிட்டருக்கும் மேல். அத்தனையும் இரண்டு லிட்டர் குடுவைக்குள் நுரையாக எழுந்தால் வழியாமல் என்ன செய்யும்? நாருக்குள் புதைந்திருக்கும் தூள் மெதுவாகக் கரைவதால் பி.எச். மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். அகன்ற பாத்திரத்தில் சிறிது சிறிதாக அமிலம் சேர்த்து, கலக்கி, அரைமணி நேரம் விட்டு மறுபடி பார்ப்பதும், இரவு முழுவதும் வைத்துக் காலையில் ஒருமுறை சரிசெய்வதும்தான் வழி.

ஆலை அளவில் இது நுரைப் பிரச்சினையாக மட்டும் நிற்காது. ஒரு டன் தாளுக்கு ஏறத்தாழ 147 கிலோ அமிலம் செலவாகி, 258 கிலோ ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) கசடாகச் சேரும். கூழை முதலில் கழுவிச் சல்லடையில் தூளை வெளியேற்றினால் அமிலம் மிச்சமாகும். ஆனால் நீர் செலவாகும், நுண்ணிய நாரும் கூடவே போகும். நுண்ணுயிரி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் செயல்திட்ட அறிக்கைகள் இந்தச் சுண்ணாம்பைப் பற்றி ஒரு வரியும் எழுதாதது எனக்கு நெடுநாள் குறை.

நொதி எங்கிருந்து வருகிறது? அமிலத்தாலேயே உடைக்க முடியாதா?

முடியும். பிரான்சின் வேதியியலாளர் ஆன்றி பிராகோனோ 1819இலேயே பழைய லினன் துணியைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்துக் காட்டினார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் காகிதமே கந்தல் துணியிலிருந்துதான் செய்யப்பட்டது என்பதால், நம் கேள்வியின் மூத்த விடை இதுவே. அமில வழியில் வெப்பமும் அரிப்பும் அதிகம். உண்டான சர்க்கரையின் ஒரு பகுதி மேலும் சிதைந்து ஈஸ்ட்டுக்கு நஞ்சாகும் பொருள்களாக மாறிவிடும்.

நொதி வழி ஓர் எரிச்சலிலிருந்து பிறந்தது. இரண்டாம் உலகப்போரின்போது பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் துணிகளும் ஈரத்தில் மட்கிப்போயின. பூகன்வில் தீவில் எடுக்கப்பட்ட பூஞ்சை ஒன்று மற்றவற்றைவிட வேகமாகப் பருத்தியைக் கரைத்தது. நேட்டிக் நகரில் இருந்த படை ஆய்வுக்கூடத்தில் எல்வின் ரீஸும் மேரி மேண்டல்ஸும் அதை ஆராய்ந்தார்கள். பின்னாளில் ரீஸின் பெயரே அதற்கு வைக்கப்பட்டு டிரைக்கோடெர்மா ரீசி ஆயிற்று. துணியைக் காப்பாற்றத் தொடங்கிய வேலை, 1970களின் எண்ணெய் நெருக்கடியில் தலைகீழாகத் திரும்பியது: அதே ஆய்வுக்கூடம் பழைய செய்தித்தாளை அரைத்து, அதே பூஞ்சையின் நொதியால் சர்க்கரையாக்கிப் பார்த்தது. இன்று சந்தையில் கிடைக்கும் செல்லுலேஸ் (செல்லுலோஸை உடைக்கும்) நொதிகளில் பலவும் அந்தத் தீவுப் பூஞ்சையின் வம்சத்தில் வந்தவை.

செல்லுலேஸ் ஒரே நொதி அன்று, ஒரு கூட்டணி. ஒன்று சங்கிலியை நடுவில் வெட்டும். இன்னொன்று வெட்டிய முனையைப் பிடித்து இரண்டிரண்டு குளுக்கோஸாக உருவிக்கொண்டே போகும். அப்படிக் கிடைத்த செல்லோபயோஸ் என்ற இரட்டைச் சர்க்கரையைப் பீட்டா குளுக்கோசிடேஸ் பிரித்துத் தனிக் குளுக்கோஸாக்கும். மூன்றாவது ஆள் சோம்பினால் செல்லோபயோஸ் தேங்கி இரண்டாவது ஆளையும் நிறுத்திவிடும்.

நொதியின் வலுவை எப்படி அளப்பது?

இங்கே சுவையான செய்தி ஒன்று உண்டு: காகிதத்தை உடைக்கும் நொதியின் அளவுகோலும் காகிதம்தான். வாட்மன் 1ஆம் எண் வடிதாளில் ஒரு சென்டிமீட்டர் அகலமும் ஆறு சென்டிமீட்டர் நீளமும் உள்ள, 50 மில்லிகிராம் எடை கொண்ட பட்டையைச் சோதனைக் குழாயில் சுருட்டி வைத்து, நொதிக் கரைசலில் 50 டிகிரி செல்சியஸில் 60 நிமிடம் ஊறவைத்து, அதிலிருந்து 2 மில்லிகிராம் குளுக்கோஸ் வருவதற்கு எவ்வளவு நொதி தேவைப்பட்டது என்று பார்ப்பார்கள். இப்படிக் கணிக்கும் வலுவின் அலகுக்கு "வடிதாள் அலகு" என்று பெயர். உலகம் முழுவதும் பின்பற்றும் இந்தச் செய்முறையை 1987இல் வெளியிட்டவர் டெல்லி ஐ.ஐ.டி.யின் டி.கே. கோஷ். ஒரு கிராம் செல்லுலோஸுக்கு 15 வடிதாள் அலகு என்பது ஆய்வுக்கூடத்தில் தொடங்குவதற்கு ஏற்ற அளவு.

எந்த ஈஸ்ட் நல்லது?

இட்டிலி மாவுக்குள் நுழைவதைப் போல எது வேண்டுமானாலும் நுழையட்டும் என்று விட முடியாது. ரொட்டிக்கடை ஈஸ்ட்டான சாக்கரோமைசிஸ் செரிவிசியே போதும். மலிவு, எத்தனாலைத் தாங்கும், அமிலத்தன்மைக்கு அஞ்சாது. அதன் குறை இரண்டு. 30 முதல் 35 டிகிரியில்தான் அது சுகமாக இருக்கும். ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸ் என்ற ஐந்து கரிமச் சர்க்கரையை இயல்பில் அது தொடாது. 40 டிகிரிக்கு மேலும் வேலை வாங்க வேண்டுமானால் குளுய்வெரோமைசிஸ் மார்க்சியானஸ் என்ற ஈஸ்ட் உண்டு. சைலோஸையும் விடக்கூடாது என்றால் ஷெஃபர்சோமைசிஸ் ஸ்டிபிடிஸ் இருக்கிறது. அதற்கு மிகக் கொஞ்சமாகக் காற்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் பெரிய தொட்டியில் கட்டுப்படுத்துவது சிரமம்.

பாக்டீரியாவில் சைமோமோனாஸ் மொபிலிஸ் புகழ்பெற்றது. பனங்கள், தென்னங்கள் போன்ற பானங்களில் இயற்கையாகவே இருக்கும் நுண்ணுயிரி அது. ஈஸ்ட்டைவிடக் குறைவாக உடல் வளர்த்து, கூடுதல் பங்கை எத்தனாலாகத் தரும். க்ளோஸ்டிரிடியம் தெர்மோசெல்லம் என்ற இன்னொன்றோ 60 டிகிரியில் செல்லுலோஸைத் தானே உடைத்துத் தானே எத்தனாலாக்கும். ஆனால் கூடவே அசிட்டிக் அமிலமும் பிறவும் செய்வதாலும் எத்தனால் தாங்கும் திறன் குறைவாக இருப்பதாலும், அதைப் பழக்கும் முயற்சி பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது.

நொதியையும் ஈஸ்ட்டையும் ஒன்றாகவே போடலாமா?

போடலாம். நொதிக்கு 50 டிகிரி, ஈஸ்ட்டுக்கு 32 டிகிரி என்ற பிணக்கில் 37 டிகிரி ஒரு சமரசம். நொதி மெதுவாகும், ஆனால் உண்டாகும் சர்க்கரையை ஈஸ்ட் உடனுக்குடன் தின்றுவிடுவதால் தேக்கத்தால் வரும் முடக்கம் நீங்குகிறது. 1976இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பழைய உத்தி இது. மாணவர்களுக்கு நான் சொல்வது: முதல் ஒரு நாள் 50 டிகிரியில் நொதியை மட்டும் விட்டுக் கூழை இளக்குங்கள், பிறகு ஆறவைத்து ஈஸ்ட்டைச் சேருங்கள்.

கூழ் கெட்டியாகிக் கலக்கியே சுற்றவில்லை. இன்னும் நீர் ஊற்றலாமா?

ஊற்றினால் கலக்கி சுற்றும், திட்டம் நின்றுவிடும். எத்தனால் எடையில் 4 சதவீதத்துக்குக் குறைந்த கரைசலைக் காய்ச்சி வடிப்பது எரிசக்திக் கணக்கில் நட்டம் என்பது இத்துறையில் பொதுவாகக் கொள்ளும் எல்லை. முன்பு போட்ட கணக்கின்படி ஒரு லிட்டரில் 100 கிராம் தாள் இருந்தால் 27 கிராம் எத்தனால், அதாவது 2.7 சதவீதம். நான்கைத் தொட வேண்டுமானால் லிட்டருக்கு 150 கிராம் தாள் வேண்டும். ஆனால் உலர்ந்த தாள் தன் எடையைப் போலப் பலமடங்கு நீரைக் குடிக்கும். 100 கிராமைப் போட்டாலே பாத்திரத்தில் சொட்டு நீர்கூட மிச்சமிருக்காது. உப்புமா பதத்தில் நிற்கும் அதில் நொதி பரவ இடமில்லை.

தீர்வு தவணை முறைதான். முதலில் லிட்டருக்கு 60 கிராம் மட்டும் போட்டு நொதி சேர்த்து 50 டிகிரியில் வைத்தால் மாலையில் உப்புமாவாக இருந்தது மறுநாள் காலையில் கஞ்சியாக இளகியிருக்கும். அதில் இன்னும் 45 கிராம். அது இளகியதும் மீதி 45. கையால் மூடியைத் திறந்து பார்த்துச் சேர்க்கும் இந்த வேலை சலிப்பூட்டும் என்றாலும், இந்த முயற்சி பிழைப்பதும் சாவதும் இங்கேதான். நுண்ணுயிரியின் திறமையைவிடக் காகிதத்தின் தாகமே இத்தொழிலின் பெரிய தடை என்பது என் கருத்து.

அச்சு மை ஈஸ்ட்டைக் கொல்லாதா?

பெரும்பாலும் கொல்லாது. லேசர் அச்சு மை பிளாஸ்டிக் துகள். அது மேலே மிதந்தோ அடியில் படிந்தோ கிடக்கும். செய்தித்தாள் மை கரித்தூளும் எண்ணெயும். கூழ் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் புளித்த மோர் வாடை வருகிறதே?

லாக்டிக் அமில பாக்டீரியா புகுந்துவிட்டது. இளஞ்சூடு, சர்க்கரை, லேசான புளிப்பு ஆகிய மூன்றும் அதற்கும் விருந்து. ஒழுங்காக நடக்கும் குடுவை ரொட்டி மாவும் கள்ளும் கலந்ததுபோல மணக்கும். மோர் வாடை வந்தால் சர்க்கரை வேறு வழியில் போகிறது என்று பொருள். ஊறிய கூழை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலனில்) வைத்து எடுப்பதும், ஈஸ்ட்டைத் தாராளமாகச் சேர்த்து அது முந்திக்கொள்ளச் செய்வதும் பயன் தரும்.

எத்தனால் வந்ததா என்று வீட்டிலேயே காய்ச்சி வடித்துப் பார்க்கலாமா?

கூடாது. எத்தனால் ஆவி தீப்பற்றும். அதற்கு மேலாக, உரிமமின்றிச் சாராயம் வடிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937இன்படி குற்றம். "எரிபொருள் ஆராய்ச்சி" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கழிவுத் தாளிலிருந்து வந்த இந்தத் திரவத்தை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கவும் கூடாது.

வடிக்காமலே அளக்க எளிய வழி உண்டு. 92 கிராம் எத்தனாலுக்கு 88 கிராம் வாயு வெளியேறுகிறது என்று பார்த்தோம். ஆகவே குடுவையை நீர்ப்பூட்டு (வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத அமைப்பு) வைத்த அடைப்பானால் மூடி, நாள்தோறும் அதே தராசில் எடை போட்டு எழுதிவந்தால், குறைந்த எடையே எத்தனாலைச் சொல்லிவிடும். லிட்டருக்கு 100 கிராம் தாள் போட்ட குடுவை 26 கிராமுக்கு அருகில் இளைத்தால் கணக்கிட்ட 27 கிராம் எத்தனால் வந்துவிட்டது. ஒன்றை மறக்க வேண்டாம்: சுண்ணாம்பிலிருந்து வரும் வாயுவும் எடையைக் குறைக்கும். அமிலச் சரிசெய்தலை முழுதாக முடித்த பின்பே ஈஸ்ட்டைப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஈஸ்ட் போடாத குடுவையும் "எத்தனால்" தரும். ஒரு குழுவின் அறிக்கையில் உச்சவரம்பைத் தாண்டிய விளைச்சல் வந்து, தேடிப் பார்த்ததில் பிழை இங்கேதான் இருந்தது.

மறுசுழற்சிக்குப் போகும் காகிதத்தை எத்தனாலாக்குவது சரியா?

சரியன்று என்பதே என் விடை. சுத்தமான வெள்ளைத் துண்டுக்குக் கடையில் விலை உண்டு. அதை வாங்க ஆலைகள் காத்திருக்கின்றன. போதாமல் நம் நாடு வெளிநாட்டிலிருந்து கழிவுக் காகிதத்தைக் கப்பலில் இறக்குமதி செய்கிறது. அந்தத் துண்டு ஒரு டன் மறுபடி தாளாகும்போது ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான புதுக் கூழ் மிச்சமாகிறது. எத்தனாலாக்கினால் 215 லிட்டர் பெட்ரோலுக்கு ஈடானது ஒருமுறை எரிந்து முடிந்துவிடுகிறது.

ஆனால் நார் சிரஞ்சீவி அன்று. ஒவ்வொரு மறுசுழற்சியிலும் அது முறிந்து குட்டையாகி, ஐந்து முதல் ஏழு முறைக்குள் சல்லடையில் தங்காமல் கழிவுநீரோடு போகும். கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை போன்றவை பயன்படுத்தும் கரும்புச் சக்கையின் நார் பிறப்பிலேயே குட்டை. (சர்க்கரை ஆலையின் சக்கை காகிதத்துக்கும் கழிவுப்பாகு எத்தனாலுக்கும் போவதும், பிறகு அந்தக் காகிதத்தையே நாம் எத்தனாலாக்க நினைப்பதும் ஒரு வட்டம்தான்.) இப்படி ஆலையின் கழிவுநீர்ப் பிரிவில் சேரும் நார்க்கசடுதான் எத்தனாலுக்கு உரிய மூலப்பொருள். அது ஏற்கெனவே ஒரே இடத்தில், ஈரமாக, குழைந்த நிலையில் இருக்கிறது, முன்பதப்படுத்தல் வேண்டாம், அதை அகற்ற ஆலையே செலவு செய்கிறது, அல்லது மட்ட அட்டை செய்பவர்களுக்குக் குறைந்த விலைக்குத் தருகிறது. எண்ணெய்க் கறை படிந்த உணவுப் பொட்டலத் தாளும், துண்டாக்கும் இயந்திரத்திலிருந்து பொடியாக விழும் அலுவலகத் தாளும் அடுத்த இடத்தில் நிற்கும்.

எரித்து மின்சாரம் எடுத்தால் என்ன?

உலர்ந்த காகிதம் ஒரு டன் எரிந்தால் ஏறத்தாழ 15,000 மெகாஜூல் வெப்பம். எத்தனாலாக்கினால் 330 லிட்டரில் 7,000 மெகாஜூல். பாதிக்கும் குறைவு. வண்டிக்கு ஊற்றக்கூடிய திரவம் வேண்டும் என்பதற்காகத்தான் இந்த இழப்பை ஏற்கிறோம். ஆனால் கசடு பாதிக்குமேல் நீராக இருக்கும்போது அதை உலர்த்தவே வெப்பம் போய்விடும். அங்கே நொதித்தல் முந்துகிறது.

தொழில் அளவில் இது எங்காவது நடக்கிறதா?

நெருங்கிய உறவு ஒன்று நீண்டகாலமாக ஓடுகிறது. நார்வேயின் சார்ப்ஸ்போர்க் நகரில் போரகார்ட் நிறுவனம் 1938 முதல், ஸ்ப்ரூஸ் மரத்தைக் கூழாக்கும்போது வெளிவரும் சல்பைட் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட்டால் எத்தனாலாக்கிவருகிறது. அங்கே சர்க்கரை கழிவாகவே கரைந்து வருவதால் நொதிச் செலவில்லை. அதனால்தான் அது நிலைத்தது.

இந்தியாவில் செல்லுலோஸிலிருந்து எத்தனால் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வைக்கோல். இந்தியன் ஆயில் நிறுவனத்தின் பானிபட் ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் என்பது அதன் அறிவிக்கப்பட்ட அளவு, அதாவது டன்னுக்கு 150 லிட்டர். நம் காகிதக் கணக்கின் 330 இதைவிட இருமடங்கு என்று துள்ள வேண்டாம். வைக்கோல் வயலில் மலையாகக் கிடக்கிறது, சுத்தமான கழிவுத் தாளோ விற்றுப்போய்விடுகிறது. பெட்ரோலில் 20 சதவீதக் கலப்பு என்ற தேசிய இலக்கு 2025இல் எட்டப்பட்டபோதும் அதைச் சுமந்தவை கரும்பும் தானியமும்தான்.

வடித்த பிறகு மிஞ்சுவதை என்ன செய்வது?

4 சதவீதக் கரைசலிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுத்தால் ஏறத்தாழ 19 லிட்டர் கழிவுநீர் மிஞ்சும். அதில் இறந்த ஈஸ்ட், உடையாத நார், சைலோஸ், மைத்துகள், ஜிப்சம் எல்லாம் இருக்கும். கரைந்த சர்க்கரையையும் ஈஸ்ட்டையும் சாண எரிவாயுக் கலனைப் போன்ற காற்றில்லாத் தொட்டியில் விட்டு மீத்தேன் எடுக்கலாம். ஆனால் ஜிப்சத்திலிருந்து கரையும் சல்பேட்டை அங்குள்ள பாக்டீரியா அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். கந்தக அமிலத்துக்குப் பதில் வேறு அமிலம், அல்லது முதலிலேயே சுண்ணாம்பைக் கழுவிவிடுவது என்று மறுபடியும் பேச்சு அந்த வெள்ளைத் தூளிடமே வந்து நிற்கிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்போது கூழை 200 மெஷ் (அங்குலத்துக்கு 200 கண்) சல்லடையில் இரண்டு முறை அலசிய பிறகே நிறுத்து எடுக்கிறோம்; அமிலம் பாதிக்கும் குறைவாகிவிட்டது, சல்லடையில் தப்பிப்போகும் நாரை ஒரு வாளியில் பிடித்து எடை போட்டுக்கொண்டிருக்கிறோம்.